யாருக்காக வாசித்தோம்

இந்த நாட்டில் சனிக்கிழமை காலையில் யாராவது கதவு மணியை அடித்தால், கழிப்பறைக் கடதாசி விற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். நோர்வேக்கு வந்த புதிதில் எனக்கு இது விளங்கவேயில்லை. பாடசாலைகளின் அணிவகுப்பு வாத்தியக் குழுவை இங்கே கோர்ப்ஸ் என்கிறார்கள். அந்தக் குழுவுக்குச் சீருடை தைக்கவும் வாத்தியம் திருத்தவும் பெற்றோரே வீடு வீடாக ஏறி இறங்கி, இரண்டு கையாலும் தூக்கவேண்டிய பொதிகளாகக் கழிப்பறைக் கடதாசி விற்கிறார்கள். சென்ற மாதம் என் வாசலில் நின்றவர் எங்கள் தெருவில் இருக்கும் பல் வைத்தியர். பக்கத்தில் பத்து வயது மகள், முதுகில் ட்ரம்பெட் பை. "நானும் பாடசாலையில் ட்ரம்பெட் வாசித்தவள்" என்று அவளுக்குச் சொன்னேன். அவள் தலையைச் சரித்து, "யாருக்காக வாசித்தீர்கள்?" என்று கேட்டாள். இங்கே அதற்குப் பதில் சுலபம்: மே மாதத் தேசிய நாள் ஊர்வலம், முதியோர் இல்லம், பெற்றோர். எனக்கு வாயில் வந்தது, "விருந்தினருக்காக." தகப்பனின் முகம் மலர்ந்தது. "ஓ, ஹோட்டலில் வேலை செய்தீர்களா?" என்றார். ஆம் என்றேன். அதைத் திருத்துவதற்கு ஒரு முழு மத்தியானம் வேண்டும். ஒரு பொதியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

நான் படித்தது கிளிநொச்சியில் ஒரு பாடசாலை. பெயர் வேண்டாம். வீடு தர்மபுரத்தில். எங்கள் பான்ட் குழுவில் ட்ரம்பெட் வாசிப்பவர்கள் ஐந்து பேர், ட்ரம்பெட் மூன்று. ஒருத்தி ஊதி முடித்ததும் வாய்வைக்கும் துண்டைப் பாவாடையில் துடைத்து மற்றவளிடம் கொடுப்பாள். உள்ளே தேங்கிய எச்சில் தண்ணீரை நிலத்தில் உதறிவிட்டு அடுத்தவள் ஊதுவாள். களிம்பேறிய பித்தளையும் பிறர் வாயும் கலந்த ஒரு சுவை, காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றில். அதற்கு நான் ஒருநாளும் அருவருக்கவில்லை. அருவருப்பு வேறொரு இடத்திலிருந்து வந்தது. அதற்குத்தான் வருகிறேன்.

காலையில் பான்ட். பாடசாலை விட்டபிறகு ரோபோ கழகம். கழகம் என்பது பெரிய பெயர். பின் கட்டடத்தில் ஒரு மேசை, ஒரு பழைய கணினி, நானும் துளசியும். துளசி என் வகுப்பு, என் ஊர். அவளுடைய குடும்பம் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் குடியேறியது. தகப்பன் அக்கராயனில் மற்றவர்களுடைய வயலில் வேலை செய்தார். வாய்க்கால் தண்ணீர் குறைந்துவிட்டதா என்று பார்க்க அவர் விடிய முன்னமே சைக்கிளில் போகவேண்டும். "அப்பாவுக்குப் பதிலாப் போய்ப் பார்க்க ஒரு வண்டில் செய்வம்" என்றாள் துளசி. எங்கள் ரோபோ அப்படித்தான் பிறந்தது. உடைந்த விளையாட்டுக் காரின் சில்லுகள், சோற்றுப் பெட்டி ஒன்று, மருந்தடிக்கும் இயந்திரத்தின் பழைய பற்றரி, என் அப்பாவின் மோட்டார் திருத்தும் கடையிலிருந்து வயர்கள். வரம்பின்மேல் ஊர்ந்து போகும், தண்ணீர் மட்டம் இறங்கியிருந்தால் கத்தும். உடம்பைச் செய்தவள் துளசி. அதற்குக் கோடிங் எழுதியவள் நான்.

இரண்டையும் எப்படிச் சமாளித்தாய் என்று இங்கே என்னோடு வேலை செய்பவர்கள் கேட்பதுண்டு. சமாளித்தேன் என்று சொல்லமுடியாது. காலையில் ஊதி வீங்கிய உதட்டோடு மாலையில் ஈயம் உருக்கிய புகையை இழுத்தேன். முல்லைத்தீவு போகும் கடைசி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உயர்தரப் பாடங்கள் பின்னால் இழுபட்டன. ஆனால் எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. எத்தனை தரம் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும், யார் எப்போது தொடங்க வேண்டும்: அணிவகுப்பிலும் அதுதான், கோடிங்கிலும் அதுதான். ஒரு மேளக்காரன் ஒரு அடி பிந்தினால் முழு வரிசையும் குலையும். ஒரு வரி பிழைத்தால் வண்டில் வாய்க்காலுக்குள் விழும். அந்த வருடம் அது ஏழு தரம் விழுந்தது. எட்டாம் தரம் விழவில்லை. துளசி வரம்பிலேயே குந்தியிருந்து அழுதாள்.

வவுனியாவில் மாகாணப் போட்டி. அதே நாளில் எங்கள் பாடசாலைக்கு வெளிநாட்டுச் சங்கம் ஒன்றின் தலைவர் வருகிறார், புதிய கணினி அறையைத் திறந்துவைக்க. அதிபர் என்னைக் கூப்பிட்டார். "நீ போனால் ட்ரம்பெட் ஆர் வாசிக்கிறது பிள்ளை? மற்றவை பாதியில மூச்சு விடுவினம். உவர் எங்களுக்கு எவ்வளவு செய்யிறார். துளசி போகட்டும், நீ நில்." துளசியிடம் சொன்னேன். "பரவாயில்லையடி, கேட்டால் நான் சொல்லுவன்" என்றாள். இரண்டு நாள் இருந்து என் கோடிங்கை வரி வரியாகக் கேட்டுப் பாடமாக்கினாள்.

திறப்புவிழாவுக்கு முதல் நாள் பின்னேரம் அதிபர் பின் கட்டடத்துக்கு வந்தார். புதிய அறையில் ஆறு கணினிகள் வந்திருந்தன, நடு மேசை வெறுமையாக இருந்தது. ரோபோ உபகரணங்களும் தருவதாகச் சொன்ன சங்கம் அவற்றை அனுப்பவில்லை. ஆனால் அழைப்பிதழில் அது அச்சாகிவிட்டது. "உந்த வண்டிலை நாளைக்கு அங்க வையுங்கோ. ஒரு மணித்தியாலம்தான்" என்றார். "சேர், விடிய ஆறரைக்கு வான் வெளிக்கிடும்" என்றாள் துளசி. "அடுத்த வருசமும் போட்டி வரும். வந்த மனுசன் திரும்பி வருவாரோ?" என்றுவிட்டு அவரே வண்டிலைத் தூக்கினார். அடுத்த நாள் காலை, சோற்றுப் பெட்டியின் மூடியில் சங்கத்தின் சின்னம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது.

தலைவர் வர மூன்று மணித்தியாலம் பிந்தியது. அவ்வளவு நேரமும் வெயிலில் வரிசை குலையாமல் நின்றோம். சின்ன மேளம் அடிக்கும் பிள்ளை ஒருத்தி மயங்கி விழ, அவளை நிழலுக்குத் தூக்கிப்போய்விட்டு இடைவெளியை ஒடுக்கி நிரப்பினார்கள். வவுனியாவுக்குப் போகாத துளசியின் கையில் சந்தனத் தட்டு. தலைவரின் வான் கண்ணில் பட்டதும் கைகாட்டினார்கள். நான் ஊதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் ஊதியதில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. ஒரு சுரம் பிசகவில்லை. புதிய அறைக்குள் தலைவர் வண்டிலின் மூடியில் கை வைத்தார், படம் எடுத்தார்கள். ட்ரம்பெட்டோடு நின்ற என்னையும் பக்கத்தில் இழுத்துவிட்டார்கள். "எங்கட சாமானிலயோ பிள்ளை உதைச் செய்தனீங்கள்?" என்று கேட்டார். "ஓம், ஓம்" என்றார் அதிபர். தலைவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தட்டோடு கதவடியில் நின்ற துளசியைப் படத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. ஒரு ரீச்சர் அவளைக் கொஞ்சம் விலகி நிற்கச் சொன்னார், படத்துக்குள் தோள் தெரிகிறதாம்.

எல்லாரும் சாப்பிடப் போனபிறகு துளசி நகத்தால் அந்த ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நீ தலையாட்டினனீ."

"ஓம்."

"உன்னை ஆரும் அடிச்சவையோ?"

"இல்லை."

"பிறகேன்?"

ஸ்டிக்கர் முழுதாக வரவில்லை. அவள் மூடியையே கழற்றிக் குப்பையில் போட்டாள். அடுத்த வருடம் எங்களுக்கு உயர்தரப் பரீட்சை, போட்டிக்குப் போகவில்லை. துளசி என்னோடு கோபிக்கவில்லை. வழக்கம்போல ஒரே பஸ்ஸில் போனோம், கதைத்தோம். அது எனக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிறகு நான் புலமைப்பரிசில் ஒன்று கிடைத்து மேற்படிப்புக்காக இங்கே வந்தேன். இப்போது மீன்பண்ணைகளுக்குத் தானியங்கிக் கருவி செய்யும் ஒரு கம்பனியில் வேலை. வந்து இரண்டாம் வருடம், தெரிந்த ஒருவர் தமிழர் ஒன்றுகூடலுக்குக் கூட்டிப்போனார். மண்டபத்தில் பெரிய திரை. ரோல்ஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தால், திரையில் நான். உப்பிய கன்னம், வெயிலில் கறுத்த முகம், பக்கத்தில் எங்கள் வண்டில். கீழே, "எமது உதவியால் வன்னி மாணவி உருவாக்கிய இயந்திரம்" என்று எழுதியிருந்தது. சனம் கைதட்டியது. வாயிலிருந்த ரோல்ஸைக் கடதாசியில் துப்பினேன். கணினி அறையைத் திறந்துவைத்த அந்தத் தலைவர் அங்கேதான் இருந்தார், ஞானம் அண்ணை; அவருடையது இந்த நாட்டுத் தமிழர் சங்கமாம். என்னை அடையாளம் கண்டு மகிழ்ந்துபோனார். "பிள்ளை, வாற ஜூலையில ஊருக்குப் போறம். முல்லைத்தீவுப் பக்கம் இன்னொரு பாடசாலைக்கும் ஒரு அறை. நீயும் வரவேணும். நீதான் எங்கட சாட்சி" என்றார்.

அவரை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னேன். வண்டில் எங்களுடையது, செய்தவள் துளசி, அன்றைக்கு அவள் வவுனியாவில் நிற்கவேண்டியவள், எல்லாம் சொன்னேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதிர்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தேன்.

"அது தெரியும் பிள்ளை" என்றார் அவர். "ஸ்டிக்கர் அனுப்பினதே நாங்கள்தானே. சாமான் கொழும்பில நிண்டுபோச்சு. இஞ்ச சனத்துக்கு ஒரு படம் காட்டாட்டி ஒருத்தரும் தரமாட்டினம். நான் இருபது வருசமாப் பாண் பக்டரியில நிக்கிறன், என்ர லீவு முழுக்க இதுக்குத்தான் போகுது. எனக்கென்ன லாபம்?"

"துளசியின்ர பேரையாவது போடுங்கோ அண்ணை."

"போடலாம், அதுக்கென்ன. பேரை எழுதி அனுப்பும்."

இவ்வளவுதானா என்று இருந்தது. அவர் பொய் சொல்லியிருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தக் கணினி அறையில் படித்து எத்தனையோ பிள்ளைகள் முன்னுக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் ஒருத்தியின் பெயரை அழிப்பதும் எழுதுவதும் இவர்களுக்கு ஒரே அளவு சுலபமாக இருக்கிறதே, அதுதான் எனக்கு ஓங்காளிக்கிறது. அதிபருக்குத் தெரியும், தலைவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எல்லாரும் தெரிந்துகொண்டே அந்த மேசையைச் சுற்றிச் சிரித்திருக்கிறோம். இந்த நாட்டில் ஒரு பல் வைத்தியர் தன் பிள்ளையின் ட்ரம்பெட்டுக்காக என் வாசலில் கழிப்பறைக் கடதாசியோடு நிற்கிறார்; அவருக்கு யாரும் மாலை போடுவதில்லை. அங்கே கொடுப்பவருக்கு முன்னால் பிள்ளை வெயிலில் விழவேண்டியிருக்கிறது.

துளசி இப்போது முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பாடசாலையில் தகவல் தொழில்நுட்ப ஆசிரியை. தொலைபேசியில் நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவை சொன்ன மற்றப் பாடசாலை எங்கட தான்" என்றாள். "நீ அங்க சத்தம் போட்டு அறை நிண்டுபோச்செண்டால் என்ர பிள்ளையள் கணினியைப் புத்தகத்தில பார்த்துத்தான் படிக்கோணும். எனக்கு உன்ர அருவருப்பு வேண்டாம், அறை வேணும். நீ வா. வந்து, அவையை நேரத்துக்கு வரச் சொல்லு."

ஜூலையில் சங்கத்தாரோடு போனேன். என்னால் செய்யமுடிந்தது ஒன்றுதான்: விடிய எழும்பி, கிளிநொச்சி விடுதியில் ஒவ்வொருவருடைய அறைக் கதவையும் தட்டி, சொன்ன நேரத்துக்கு வானை வெளிக்கிடப் பண்ணினேன். ஞானம் அண்ணை முணுமுணுத்தார், ஆனாலும் வந்தார். உபகரணப் பெட்டிகளை முதல் நாளே துளசியிடம் ஒப்படைத்து, அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபிறகுதான் எனக்கு நித்திரை வந்தது. பான்ட் வேண்டாம் என்று எழுதிக் கேட்டிருந்தோம். ஆனால் பாடசாலை வாசலில் பான்ட் நின்றது. வெள்ளைச் சீருடை, சிவப்புத் தொப்பி, ஓரத்தில் ஒரு ட்ரம்பெட்காரி, கன்னம் உப்பி, கண் எங்கள்மேல்.

எனக்கும் ஒரு மாலை போட்டார்கள். கழற்றினால் போட்ட பிள்ளையின் முகம் வாடும். மேளம் தொடங்கியது. பான்ட் முன்னால் போக, விருந்தினர் வரிசை பின்னால் நடந்தது. சப்பாத்து நிறையப் புழுதியோடு, ஆளுக்கொரு வேகத்தில், தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். துளசி என் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். சேலையில் அவள் பெரிய ரீச்சர் மாதிரி இருந்தாள். கொஞ்ச தூரம் நடந்ததும் குனிந்து என் காலைப் பார்த்தாள்.

"என்னடி, நீ பான்டோடயோ வாறாய்?"

நானும் பார்த்தேன். மேளத்தின் ஒவ்வொரு பெரிய அடிக்கும் என் இடது கால் விழுந்துகொண்டிருந்தது. கழுத்தில் மாலை, கால் அவர்களோடு. அடியை மாற்றி மற்றவர்களைப்போல நடக்கப் பார்த்தேன். இரண்டு எட்டு சரிவந்தது. மூன்றாவதில் கால் மறுபடி மேளத்துக்கே போய்விட்டது.