ஏறாத கோடு

எதைத் தொடுவதானாலும் அம்மா புறங்கையால்தான் தொடுவார். வெயிலில் காய்ந்த பஸ் சீற்று, பேக்கரிப் போறணையிலிருந்து சுடச்சுட வந்த பாண், காய்ச்சல் நாட்களில் என் நெற்றி, எல்லாவற்றுக்கும் புறங்கைதான். என் பட்டமளிப்பு நாளில் மண்டபத்துக்கு வெளியே நின்று, நான் அணிந்திருந்த கறுப்பு அங்கியையும் அப்படித்தான் தொட்டுப் பார்த்தார். "புழுங்குமே மகள்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்த வெட்கம்தான் வெட்கமாக இருக்கிறது.

அம்மாவின் பெயர் கேதீஸ்வரி. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஏறாவூருக்குப் பக்கத்தில், உசனார் ஹாஜியாரின் அரிசி மில்லில் பதினேழு வருடமாக எண்ணெய் விடுவதும் கிறீஸ் அடிப்பதும் அவர் வேலையாக இருந்தது. சுழலும் தண்டுகளைத் தாங்கும் பெயாரிங்குகள் அந்த மில்லில் முப்பத்தெட்டு. ஒவ்வொன்றின் கூட்டிலும் புறங்கையை வைத்து மனதுக்குள் மூன்று எண்ணுவார். எண்ணி முடிப்பதற்குள் கை தானாக விலகினால் சூடு அதிகம். "உள்ளங்கையால தொட்டு கரண்ட் அடிச்சா கை அப்பிடியே பிடிச்சிரும். புறங்கை எண்டா உதறிரும்" என்பது அவர் விளக்கம்.

2023 பெரும்போக அறுவடை நேரத்தில், நெல்லை மேலே தூக்கும் வாளி எலிவேட்டரின் உச்சிப் பெயாரிங் எரிந்து மில் நான்கு நாள் நின்றது. முற்றம் நிறைய நெல், வாசலில் வரிசையாக லொறி. அம்மா அன்று காலை ஏணியில் ஏறித் தொட்டபோது சூடு சரியாகத்தான் இருந்திருக்கிறது. மதியத்துக்குள் எரிந்துவிட்டது. கை ஒன்று, பெயாரிங் முப்பத்தெட்டு. எல்லாவற்றையும் எல்லா நேரமும் தொட முடியாது.

அந்த வருடம்தான் ஹாஜியாரின் மகன் ரிஸ்கான் கட்டாரிலிருந்து திரும்பியிருந்தார். அங்கே எட்டு வருடம் ஒரு எரிவாயு ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்தவர். ஆடி மாதம் அவர் சென்சர்களை வரவழைத்தார். தீப்பெட்டி அளவு பெட்டிகள். பெயாரிங்கில் ஒட்டிவிட்டால் சூட்டையும் அதிர்வையும் நிமிடத்துக்கு நிமிடம் ஒரு டெப்லட்டுக்கு அனுப்பும்; சரியாக இருந்தால் பச்சை, அதிகமானால் மஞ்சள், ஆபத்தென்றால் சிவப்பு. எலிவேட்டர் உச்சியில் பெட்டி ஒட்ட இடமில்லை. அங்கே மட்டும், எட்ட நின்று பார்த்தே சூடு சொல்லும் சிறிய கண்ணாடிக் கண் ஒன்றைப் பூட்டினார்கள்.

"மூணு மாசம் பாப்பம் மகன்" என்றார் ஹாஜியார். "சரிவந்தா ஒராளப் பொறுப்பா போடுவம், மாசச் சம்பளத்துக்கு. சரிவராட்டி எல்லாத்தையும் கழட்டி, வந்த பெட்டிக்குள்ளயே போட்டு அனுப்பு."

"டிப்ளோமா முடிச்ச ஒராளத் தேடுவம் வாப்பா" என்றார் ரிஸ்கான்.

அம்மா கிறீஸ் வாளியோடு பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். நாட்கூலிக்காரி. மில் ஓடாத நாளில் கூலி இல்லை. டிப்ளோமாக்காரர் வந்துவிட்டால் தொட்டுப் பார்க்கும் ஆளுக்கு அங்கே வேலையே இல்லை என்பது அவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

"தம்பி, அந்தப் பொறுப்ப நான் கேட்டாத் தருவீங்களா?"

"அக்கா, இதுல எல்லாம் இங்கிலிசிலதான் வரும்."

"மெஷினும் இங்கிலிசிலதான் வந்த. பதினேழு வருசமா என்னோட கதைக்குதுதான?"

உமி கூட்டிக்கொண்டிருந்த சின்னத்தங்கம் மாமி விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அம்மாவோடு ஒரே நாளில் அந்த மில்லில் சேர்ந்தவர் அவர். அம்மாவைத் தவிர எலிவேட்டர் ஏணியில் ஏறும் ஒரே ஆளும் அவர்தான். "குடுத்திருங்க தம்பி" என்றார். "இல்லாட்டி இவ வீட்ட போற வழி முழுக்க என்ட உயிர எடுப்பா."

மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக ஹாஜியார் சொன்னார். டெப்லட் அம்மாவின் கைக்கு வந்தது.

நான் அப்போது பட்டம் முடித்து வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். என் இறுதியாண்டு ஆய்வின் தலைப்பு, கிழக்கு மாகாணத் தொழிற்சாலைகளில் புதிய தொழில்நுட்பத்தை ஏற்றுக்கொள்வது பற்றியது. அறுபது நிறுவனங்களுக்கு வினாக்கொத்து அனுப்பியவள் நான். என் வீட்டிலிருந்து தினமும் மில்லுக்குப் போகும் ஒருத்தியிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. டெப்லட்டை எப்படிப் பயன்படுத்துவது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டாம் நாளே எனக்கு விளங்காத கேள்விகளை அவர் கேட்கத் தொடங்கிவிட்டார்.

முதலில் பெயர்களை மாற்றினார். திரையில் ஒவ்வொரு பெயாரிங்குக்கும் எழுத்தும் இலக்கமுமாக ஒரு பெயர் இருந்தது. எது எங்கே இருக்கிறது என்று ரிஸ்கானே தாளைப் பார்த்துத்தான் சொல்லுவார். மில்லில் இருப்பவர்கள் அவற்றுக்கு ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார்கள்: உச்சியாள், கிணத்தடி, உமிக்காரி, கத்துறவள். அவற்றையே தமிழில் போடச் சொன்னார். மறுநாள் முதல், "கத்துறவள் மஞ்சளுக்கு வந்திட்டா" என்று அம்மா குரல் கொடுத்தால் மில்லில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்தது மதிய அலாரம். தினமும் பன்னிரண்டு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பெயாரிங்குகள் ஒன்றாகச் சிவப்புக் காட்டும். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. ரிஸ்கான் கம்பனிக்குப் பலமுறை மின்னஞ்சல் எழுதினார். அம்மா இரண்டு கிழமை, ஒவ்வொரு பெயாரிங்கின் சூடும் ஏறி இறங்குவதைத் திரையில் காட்டும் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, தகரக் கூரை சுடேக்க எல்லாரும்தான் சுடுறாங்க. அதுக்கு ஏன் அலாரம்? பக்கத்தில நிக்கிறவளவிட ஒருத்தி கூடச் சுட்டா மட்டும் அடிக்கச் சொல்லுங்க."

ரிஸ்கான் டெப்லட்டை வாங்கி அலாரத்தை அப்படியே மாற்றினார். "கட்டார்ல இதச் சொல்லித்தாறதுக்கு வெள்ளக்காரன் ஒருத்தன் பிளேன்ல வந்தான் அக்கா" என்றார். அன்றோடு வீண் அலாரம் நின்றது. சிறுபோக அறுவடை முழுதும் மில் ஒரு மணித்தியாலம்கூடப் பழுதால் நிற்கவில்லை.

மூன்று மாதம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது ஆயுத பூசை வந்தது.

ஹாஜியாரின் மில்லில் அது பழைய வழக்கம். அன்று மெஷின்கள் ஓடா. தமிழ் வேலையாட்கள் எல்லாவற்றையும் துடைத்துக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்துப் படைப்பார்கள். ஹாஜியார் மில்லின் திறப்புக் கொத்தைக் கொடுத்துவிட்டு, "நான் லுஹர் தொழப் போறன். பின்னேரம் அசர் தொழுகைக்கு முந்தி முடிச்சிருங்க புள்ளையள்" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த வருடமும் அப்படித்தான். அம்மா ஒவ்வொரு மோட்டருக்கும் பொட்டு வைத்துக்கொண்டே ஏணியில் ஏறினார். கீழே சின்னத்தங்கம் மாமி சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். உச்சியில் புதிதாக வந்த கண்ணாடிக் கண் மின்னிக்கொண்டிருந்தது.

"புதுசா வந்தவவுக்கு நல்ல பெரிய பொட்டா வை" என்று மாமி கீழிருந்து கத்தினார்.

அம்மா நல்ல பெரிய பொட்டாக, வட்டக் கண்ணாடியின் நட்ட நடுவில் வைத்தார்.

மறுநாள் மில் ஓடத் தொடங்கியது. திரை முழுக்கப் பச்சை. ரிஸ்கானுக்குச் சந்தோசம். அம்மாவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்கிறது. மில் தொடங்கினால் எல்லாக் கோடுகளும் அரை மணித்தியாலம் மெல்ல மெல்ல ஏறி, பிறகுதான் ஒரு மட்டத்தில் நிற்கும். அன்று உச்சியாளின் கோடு ஏறவில்லை. மில் நின்றிருந்த நேரத்தில் எங்கே இருந்ததோ அங்கேயே கிடந்தது.

"இவ ஏன் ஏறல்ல?" என்று ரிஸ்கானிடம் காட்டினார்.

"குறஞ்ச சூடு நல்லதுதான அக்கா?"

"ஓடுறவளும் ஓடாதவளும் ஒரே சூட்டில இருப்பாங்களா தம்பி?"

பதிலுக்குக் காத்திருக்காமல் ஏணியில் ஏறினார். உச்சிக்குப் போய்ப் புறங்கையை நீட்டினார். தொடவே இல்லை. நான்கு விரல் தூரத்திலேயே அனல் அடித்தது. கிறீஸ் கருகிய மணம். சுற்றிலும் உமித்தூசு படிந்த பலகை. ஒரு பொறி போதும்.

"மெயின நிப்பாட்டுங்க! மெயின்!"

மில் நின்றது. அத்தனை சத்தம் ஓய்ந்த இடத்தில், உள்ளே வந்த ஹாஜியாரின் செருப்புச் சத்தம் கேட்டதாக அம்மா சொல்லுவார். ஹாஜியார் டெப்லட்டை வாங்கிப் பார்த்தார். உச்சியாள் இன்னமும் பச்சை.

"யா அல்லாஹ்! நெருப்புப் பத்தப் போகுது, இது பச்ச காட்டிக்கிட்டு இரிக்கி. கழட்டு மகன். எல்லாத்தையும் இண்டைக்கே கழட்டு."

ரிஸ்கான் கழற்றுவதற்கு ஸ்பானரை எடுத்தார். மூன்று மாத உழைப்பு, மாதச் சம்பளம், பொறுப்பு, எல்லாம் அந்த ஒரு சொல்லோடு போகவிருந்தன. அம்மா கீழே இறங்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்துக் கண்ணாடிக் கண்ணைத் துடைத்தார். காய்ந்த சந்தனம் மஞ்சளாகத் துணியில் வந்தது.

"தம்பி, இப்ப பாருங்க!"

திரையில் இலக்கம் துள்ளியது. முப்பத்தாறிலிருந்து நூற்றிரண்டு. பச்சை போய்ச் சிவப்பு வந்தது. டெப்லட் அலறிய அலறலில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன.

"சாமானில பிழையில்ல ஹாஜியார்" என்றார் அம்மா மேலிருந்து. "கண்ணப் பொத்தினா ஆருக்குத் தெரியும்? அப்பிடியிருந்தும் அந்தக் கோடுதான் எனக்குக் காட்டித்தந்த. கையால பாக்கிறண்டா நான் காலைல ஒருக்காத் தொட்டிட்டு, திரும்ப இந்தப் பக்கம் மத்தியானம்தான் வந்திருப்பன்."

அன்று மாலையே புதுப் பெயாரிங் பூட்டி மில் ஓடியது. போன முறை நான்கு நாள் எடுத்த வேலை ஐந்து மணித்தியாலத்தில் முடிந்தது. அடுத்த கிழமை அம்மா பராமரிப்புப் பொறுப்பாளர் ஆனார். சேலையில் குத்த அவர் பெயர் எழுதிய அட்டை ஒன்றை ரிஸ்கான் அச்சடித்துக்கொண்டு வந்தார். அன்று வீட்டுக்கு வந்த அம்மா சேலையை மாற்றாமல் அந்த அட்டையோடேயே சமைத்தார். நான் கேலி செய்தேன். "சோறும் பொறுப்பாளர் ஆக்கின சோறா இரிக்கட்டும் மகள்" என்றார்.

அதன்பின் இரண்டு பெரும்போகம் போய்விட்டது. எதிர்பாராமல் மில் நின்ற நாள் ஒன்றுகூட இல்லை. ஓட்டமாவடியிலிருந்து ஒரு மில்காரர் வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று கோடு வாசிக்கக் கற்றுக்கொண்டு போனார். சென்சர் கம்பனியும் வீண் அலாரத்துக்கு அம்மா சொன்ன முறையை எழுதி வாங்கியது. அந்த ஆங்கிலக் கடிதத்தை எழுதியது நான். என் பட்டத்தால் ஆன முதல் வேலை அது. ஒவ்வொரு சென்சரின் தாங்கியிலும் அம்மா சிவப்பு மையால் ஒரு வட்டம் வரைந்திருக்கிறார். பூசைக்குப் பொட்டு அந்த வட்டத்துக்குள்தான் வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல வெற்றிக்கதை. நிறுத்தத்தான் நினைத்தேன்.

கண்ணைத் துடைத்த அந்த நிமிடத்துக்குப் பிறகு ஹாஜியார் கேட்டிருக்கிறார்: "ஆரு இதில சந்தனம் வெச்ச?"

அம்மா ஏணியில் நின்றார். வாயைத் திறந்ததாகத்தான் சொல்லுகிறார். அதற்குள் கீழேயிருந்து சின்னத்தங்கம் மாமி, "நான்தான் ஹாஜியார். வடிவா இரிக்குமெண்டு வெச்சிட்டன்" என்றார். அம்மா வாயை மூடிக்கொண்டார்.

"இனி நீ மெஷின் பக்கம் வரப்படா" என்றார் ஹாஜியார். அன்றிலிருந்து மாமி வெளியே, அவித்த நெல் காயும் தளத்தில் வெயிலில் நெல் கிளறுகிறார். இருவரும் இன்னமும் ஒன்றாகத்தான் மதியச் சோறு சாப்பிடுகிறார்கள். "பொறுப்பாளர் அம்மா, எனக்கும் ஒரு சென்சர் பூட்டுங்களன். எத்தினைக்குச் சிவப்பு அடிக்குதெண்டு பாப்பம்" என்று மாமி சிரிப்பார். அம்மா புறங்கையால் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு தன் தண்ணீர்ப் போத்தலை அவர் பக்கம் தள்ளிவைப்பார்.

ஹாஜியாரிடம் ஏன் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை என்று அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். "போகம் முடியட்டும்" என்றார். மாமி கேட்டாரா என்றால், அவர் ஒருநாளும் கேட்கவில்லையாம். நான் அம்மாவின் இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பேனா? அந்தச் சம்பளத்தில்தான் இப்போது கணினி வகுப்புக்குப் போய் வருகிறேன். நானும்தான் ஹாஜியாரிடம் போய்ச் சொல்லவில்லை.

எழுதி முடித்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பகுதியை எடுத்துவிடவா என்றேன்.

"இரிக்கட்டும்" என்றார். "அச்சில வந்தா ஹாஜியார் வாசிப்பாரா?"

"தெரியாது அம்மா."

"வாசிக்க முந்தி நான் சொல்லணும்" என்றபடி அட்டையைச் சேலையில் குத்திக்கொண்டு வேலைக்குப் போனார். மாலையில் வந்ததும், சொல்லியாயிற்றா என்று கேட்டேன். இன்று லொறிகள் அதிகம் என்றார்.