சித்தி மறந்துபோன பாவு

எங்கள் தெருவில் பொழுது நிறத்தோடுதான் விடியும். தறியில் ஏற்றுமுன் பட்டுப் பாவை, அதாவது சேலையில் நெடுக ஓடும் இழைகளை, தெருவின் நீளத்துக்கு நீட்டி, சிக்கெடுத்து, அறுந்த இழைகளை முடிந்து, பிறகு சுருட்டி எடுத்துப்போவார்கள். ஒரு நாள் தெரு அரக்கு நிறத்தில் கிடக்கும், இன்னொரு நாள் கிளிப்பச்சையில். பாதித் தூக்கத்தில் எழுந்து வாசலுக்கு வந்து, இன்றைக்கு என்ன நிறம் என்று பார்ப்பதுதான் எனக்கு முதல் வேலை. நீட்டிய பாவை யாரும் தாண்டக் கூடாது. தாண்டினால் முதுகில் ஒன்று விழும். எனக்கும் விழுந்திருக்கிறது.

காஞ்சிபுரத்தில் பாதி வீடுகளைப் போல எங்கள் வீட்டுக்கும் தறிதான் சோறு போட்டது. சித்தப்பா மட்டும் தறிப் பக்கமே போனதில்லை. அவர் கோயிலில் நாயனம் வாசிப்பவர். புறப்பாட்டில் பல்லக்குக்கு முன்னால் அவர் வாசித்துக்கொண்டே நடக்கும்போது, சாமிக்கே அவர்தான் வழி காட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு எட்டு வயதில் ஒரு லாரி அவர்மேல் மோதி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதன்பின் நாயனம் உறைக்குள் போய் ஆணியில் தொங்கியது. சீவாளியை மட்டும் அவர் விடவில்லை. நாயனத்தின் வாயில் செருகும் அந்தச் சின்ன நாணல் துண்டை நாக்கில் ஊறவைத்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். தனியாக மிட்டாய் சப்புகிறார், எனக்குத் தர மனமில்லை என்று உள்ளூர எனக்குக் கோபம்.

வைகாசித் திருவிழாவுக்கு முன் கோயில் மணியக்காரர் வீட்டுக்கு வந்தார். இந்த வருஷமாவது அவரை வாசிக்க விடுங்கள், ஒரு வண்டியில் உட்கார்ந்து வரட்டுமே என்று சித்தி கேட்டாள். சாமிக்கு முன்னால் நடந்துதான் வாசிக்க வேண்டும், உட்கார்ந்து வருவது வழக்கமில்லை என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை, கேட்டேவிட்டேன்.

"சாமி மட்டும் நடந்தா வருது? அதையும் தூக்கிக்கினுதானே வராங்க."

மணியக்காரர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். அப்பா என் தலையில் குட்டினார். சித்தி மட்டும் என்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்லக்கு எங்கள் தெருவுக்கு வரும் நாளுக்கு முந்தின காலை, சித்தியின் மாம்பழ நிறப் பாவு வேலை முடிந்தது. சுருட்டிய பாவை அவளோடு நானும் ஒரு கை பிடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் எழுந்து வந்தால் தெரு முழுக்க மாம்பழ நிறம். இளவெயிலில் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டிருந்தது. கனவு இன்னும் கலையவில்லை என்றுதான் நினைத்தேன். அதற்குள் மேளச் சத்தம் தெருவுக்குள் திரும்பிவிட்டது.

பாவின் முனை எங்கள் வாசலில் இருந்தது. பல்லக்கு அங்கே வந்து நின்றது. மேளமும் நின்றது. யார் தாண்டுவது? தெருவே சித்தியைப் பிடித்துக்கொண்டது. சாமி வருகிற நாள் தெரியாதா, புத்தி எங்கே போயிற்று என்று ஆளாளுக்குத் திட்டித் தீர்த்தார்கள்.

"மறந்துட்டேம்பா," என்றாள் சித்தி, தலையைக் குனிந்துகொண்டு. "பட்டாச்சே. அவசரப்பட்டா அறுந்துபூடும். மெதுவாதான் சுருட்டணும்."

எனக்கு அவமானத்தில் அழுகை வந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து நாயனம் கேட்டது. வாசற்படிக்கு உள்ளே நாற்காலியில் சித்தப்பா. முதலில் கொஞ்சம் தடுமாறினார், பிறகு தடுமாறவில்லை. என்ன ராகமோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரோடு பல வருஷம் வாசித்த தவில்காரர் வரிசையை விட்டு விலகி வந்து, எங்கள் வாசலில் நின்று வாசிக்க ஆரம்பித்தார். சித்தப்பாவின் இடத்துக்கு வந்த புது நாயனக்காரர் தம்முடையதைக் கீழே இறக்கிக்கொண்டார். மணியக்காரர் வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தெருவின் மறுகோடியிலிருந்து மாம்பழ நிறம் முழம் முழமாகச் சுருண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அது வந்து சேராமலே இருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

வந்து சேர்ந்தது. பல்லக்கு கிளம்பிப் போய்விட்டது. சித்தப்பா நாற்காலியிலேயே இருந்தார்.

"நல்லா வாசிச்சியே சித்தப்பா, ஏன் அழுவுற?" என்று கேட்டேன்.

அவர் சீவாளியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சப்பிப் பார்த்தேன். ஒரு ருசியும் இல்லை.

அடுத்த வருஷம் தெருவில் பாவு இல்லை. பல்லக்கு தானாகவே எங்கள் வாசலில் நின்றது. அங்கே நின்று நாயனம் கேட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம் என்று மணியக்காரர் யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தார்.

சித்தியின் மறதி வீட்டில் பெரிய கேலியாகிவிட்டது. கல்யாணமாகிப் போகும்வரை நானும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சுருட்டி உள்ளே வைத்த பாவு எப்படி மறுபடி தெருவுக்கு வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நானும் ஒரு தறி வீட்டில் வாழ்க்கைப்பட்டு, முதன்முதலாக என் பாவை நீட்டப் போனபோதுதான் தெரிந்தது, ஒற்றை ஆளால் அதை நீட்டவே முடியாது, அக்கம்பக்கமெல்லாம் வந்து பிடிக்க வேண்டும் என்று. அன்றைக்குச் சித்தியைத் திட்டித் தீர்த்த அத்தனை பேரும், நான் எழுந்து வருமுன்பே, அவளோடு சேர்ந்து அந்தப் பாவைப் பிடித்து நீட்டியிருக்கிறார்கள்.