ஒற்றை லாரிக்காரர்

முதலிபாளையத்தில் லாரிகள் நிற்கும் பொட்டல்வெளியில் நடந்தபடியே பெரியகருப்பன் பல் துலக்குகிறார். வாயில் நுரையோடு எண்பலகைகளைப் படித்துக்கொண்டு போகிறார். நூல் மூட்டைகளோடு வந்த குஜராத் வண்டி, நாமக்கல் வண்டிகள் மூன்று, நாகாலாந்துப் பதிவெண்ணில் ஒன்று. கடைசி வண்டியைப் பிரஷ்ஷால் சுட்டிக்காட்டி, "இது நாகாலாந்து மண்ணையே மிதிச்சிருக்காது. பதியிறதுதான் அங்க" என்கிறார்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, இருபத்திரண்டு ஆண்டுகள் வெள்ளையன் என்பவரின் லாரிகளை ஓட்டியவர். லூதியானா, கொல்கத்தா, சூரத் என்று எங்கே போனாலும் எதிரே நிற்கும் லாரி யாருடையது என்றுதான் முதலில் விசாரிப்பார். "பஞ்சாப்புல ஓட்டுறவனே ஓனரா இருக்கறத நெறையப் பாத்தேன். நம்ம பக்கம் வண்டி ஒருத்தர் பேருல. தூக்கம் கெடுறது இன்னொருத்தனுக்கு."

பார்த்துப் பார்த்து வந்த ஆசை போன மாதம் பலித்தது. மனைவி கருத்தம்மா வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். இருவருமாகப் பணம் சேர்த்து ஒரு பழைய பத்துச் சக்கர லாரியை வாங்கினார்கள். ஆனால் அதில் ஒரு லோடும் ஏறவில்லை. நூறு வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கம்பெனிகளே போன் செய்கின்றன. ஒற்றை வண்டிக்காரர்கள் லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸ் வாசலில் காத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் லோடு கிடைக்காவிட்டால் லாரியை விற்றுவிட்டுப் பழைய வேலைக்கே திரும்புவது என்று முடிவு. அதுவரை வேறு டிரைவர் போடாமல் இருப்பதாக வெள்ளையனும் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை வாய்ப்பு வந்தது. கொல்கத்தாவுக்குப் பனியன் பண்டல் போக வேண்டும் என்று புக்கிங் ஆபீஸ் சிவபிரகாஷ் வாடகையையும் சொன்னார். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம் முந்திக்கொண்டது. "ஓனர்ட்ட கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி" என்று பெரியகருப்பன் வெளியே வந்து வெள்ளையனுக்கு போனும் போட்டுவிட்டார். மறுமுனையில் வெள்ளையன் சிரித்து முடிப்பதற்குள் பண்டல் அடுத்த லாரிக்குப் போய்விட்டது. கருத்தம்மா சிரிக்கவில்லை. இரண்டு நாளாக அவரை "ஓனரய்யா" என்றே சோற்றுக்குக் கூப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை சிவபிரகாஷ் மறுபடியும் அழைத்தார். அதே கொல்கத்தா, அதேபோல் இன்னொரு பனியன் பண்டல் லோடு. வாடகை மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. வாசலில் டிரைவர்கள் வேடிக்கை பார்க்க, "ஏனுங்கண்ணா, இன்னைக்காச்சு ஓனரக் கேக்காம சொல்லுவீங்களா?" என்றார்.

"இல்ல தம்பி. கேட்டுத்தான் சொல்லணும்."

சிவபிரகாஷ் தலையில் கைவைத்தார். பெரியகருப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெளியே நின்ற தன் லாரியை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றினார். திரும்பி வந்து ஆபீஸ் ஜன்னல் ஓரமாக நின்றார்.

"செவ்வாக்கெழம சொன்ன வாடகையே குடுத்தா ஓனருக்குச் சம்மதமாம்."

வாசலில் எல்லோரும் சிரித்தார்கள். சிவபிரகாஷும் சிரித்துக்கொண்டே சரியென்று தலையாட்டினார். பெரியகருப்பன் அங்கே நிற்கவில்லை. சுமை ஏற்றுபவர்கள் வருவதற்குள் லாரியின் பின்கதவுக் கொக்கிகள் இரண்டையும் உள்ளங்கையால் தட்டித் திறந்துவிட்டார்.