இறக்கத்தில் நின்ற கார்

போன வருஷம், மழைக்காலம் முடிஞ்ச சமயம். கேரளாவுல கம்பம்மெட்டு பக்கம், ஏலத்தோட்டங்களுக்கு நடுவுல எங்க வீடு. நான் ஸ்கூல் டீச்சர். அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு ரெண்டு தடவை மலையிறங்கி கம்பத்துல டயாலிசிஸ். போறதும் வர்றதும் ஷேர் ஜீப்புலதான். திரும்பி வர்றப்ப ஒவ்வொரு வளைவுலயும் அப்பா வாந்தி எடுப்பார். பக்கத்துல இருக்கிறவங்க முகத்தைத் திருப்பிக்கிறதைப் பார்த்தா எனக்கு உயிரே போயிடும்.

அதனால ஒரு பழைய டீசல் கார் தேட ஆரம்பிச்சேன். மலை ஏற்றத்துக்கு டீசல்தான் இழுக்கும், தினம் ஸ்கூலுக்கும் ஆகும்னு நினைப்பு. பார்த்த வண்டியெல்லாம் ஒவ்வொரு லட்சணம். ஒண்ணுல சீட்டுக்கு அடியில வெள்ளத்துச் சேறு காஞ்சு கிடந்துச்சு. இன்னொண்ணு மேல பளபளன்னு பெயின்ட், தட்டினா உள்ள துரு உதிருது. அலுத்துப்போய் இருந்தப்பதான் எங்க சர்ச்சுல ஒரு அண்ணன் தன் காரையே விலைக்குக் குடுக்கிறேன்னார். ஏலக்காய் வியாபாரி. ஞாயித்துக்கிழமை முன்வரிசையில நின்னு கணீர்னு ஜெபம் பண்றவர். விக்கிற எண்ணமே இல்ல, உங்கப்பா படுற பாட்டைப் பார்த்துத்தான் மனசு இளகிடுச்சுன்னார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அவர் வீட்டுக்குப் போனப்போ கார் வாசல் சரிவுல, மூக்கு கீழ்ப்பக்கம் பார்த்து, டயருக்குக் கல்லு முட்டுக்கொடுத்து நின்னுச்சு. சமவெளிக்காரங்க யாராச்சும் பார்த்திருந்தா ஏன் இப்படின்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்க. எங்க ஊர்ல பாதி ஜீப்பு அப்படித்தான் நிக்கும். கல்லை எடுத்துட்டு, கொஞ்ச தூரம் உருட்டி, கியர்ல போட்டு கிளட்சை விட்டா வண்டி கிளம்பிடும், பேட்டரிக்கும் நல்லது. அவரும் அப்படியே கிளப்பி, என்னைப் பக்கத்துல உக்கார வச்சு ஏற்றத்துல ஓட்டிக் காட்டினார். புகையைக் கக்கினாலும் இழுத்துச்சு. பழைய டீசல்னா புகையத்தான் செய்யும்னார். மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போனா அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன். சாவி குடுக்க எங்க வீட்டுக்கு வந்தப்போ, எங்கப்பா தலையில அவர் கை வச்சு ஜெபம் வேற பண்ணினார்.

எங்க வீடும் சரிவு, ஸ்கூலும் சரிவு. நானும் பழக்கதோஷத்துல உருட்டியேதான் கிளப்பினேன். சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும்னு தோணவே இல்ல.

டயாலிசிஸ் நாள் வந்துச்சு. அப்பா பின் சீட்டுல காலை நீட்டிக்கிட்டு, இப்பத்தான் நான் மனுஷனா ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சிரிச்சார். கம்பத்துல ஆஸ்பத்திரி வாசல் சமதரை. மத்தியானம் எல்லாம் முடிஞ்சு, துவண்டுபோன அப்பாவை சீட்டுல சாய்ச்சிட்டு சாவியைத் திருப்பினேன். இஞ்சின் முனகுச்சு, எடுக்கல. திருப்பித் திருப்பிப் பார்த்ததுல அந்த முனகலும் நின்னுபோச்சு. வெயில் மண்டையைப் பொளக்குது. ஆட்டோக்காரங்க ரெண்டு பேர் ஓடி வந்து, நாங்க தள்ளுறோம், நீங்க கியரைப் போடுங்கம்மான்னாங்க.

வண்டி நகர்ந்துச்சு. கண்ணாடியில பின்னாடி பார்த்தேன். சீட்டுல அப்பா இல்ல. எப்ப எறங்கினாரோ, ஆட்டோக்காரங்களுக்கு நடுவுல நின்னு ரெண்டு கையாலயும் தள்ளிக்கிட்டிருக்கார்.

அதுல இடது கையிலதான், அதுக்குன்னே ஆபரேஷன் பண்ணி இணைச்சு வச்ச ரத்தக்குழாய்ல, டயாலிசிஸ் ஊசி போடுறது. ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி வச்ச கை. நான் எறங்கி ஓடுறதுக்குள்ள கட்டு நனைஞ்சு, ரத்தம் டிக்கி மேல வழியுது. ஏம்ப்பா இப்படிப் பண்றீங்கன்னு கத்திட்டேன். மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னார், "நீ நடுரோட்டுல நிக்கிறப்ப நான் உள்ள உக்காந்திருக்கவா தாயி?"

கையை அழுத்திப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குள்ள தூக்கிட்டு ஓடினாங்க. உயிருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அந்தக் கையில இணைச்சிருந்த ரத்தக்குழாய் அடைச்சுப்போச்சு. வலது கையில புதுசா ஆபரேஷன் பண்ணி, அது தயாராகிறவரைக்கும் டயாலிசிஸுக்குக் கழுத்துல குழாய் மாட்டிக்கிட்டு அவர் பட்ட வேதனையை நான்தான் பக்கத்துல இருந்து பார்த்தேன். காரைப் பிரிச்சுப் பார்த்த மெக்கானிக், இஞ்சின்ல கம்ப்ரஷனே செத்துப்போச்சு, டீசல் பத்திக்கிற அளவுக்கு உள்ள அழுத்தம் இல்ல, இறக்கத்துல உருட்டினாத்தான் எடுக்கும், வித்தவருக்கு இது தெரியாம இருக்க வாய்ப்பே இல்லன்னார்.

நேரா அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். அப்பா கையைப் பத்திச் சொன்னேன். வருத்தப்படுவார்னு நினைச்சேன், நான் ஒரு மடச்சி.

"இறக்கத்துல நின்னதைப் பார்த்துட்டுத்தானே தங்கச்சி வாங்கினே? நான் எதையாச்சும் மறைச்சேனா?"

 அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

காரை எடைக்குப் போட்டாச்சு. திரும்பவும் ஜீப்தான், வாந்திதான். சர்ச்சுல அவர் கை நீட்டினா அப்பா சிரிச்ச முகமா குலுக்குறார். நான் மன்னிச்சுட்டேன், நீயும் விட்டுடும்மாங்கிறார். வெட்டும் தையலும் அவர் உடம்புல, அதனால மன்னிக்கிற உரிமை அவருக்கு இருக்கு. எனக்கு இன்னும் மனசு ஆறல, ஆறிட்ட மாதிரி ஜெபத்துல பொய் சொல்லவும் இன்னைக்கு வரைக்கும் என்னால முடியல.