கட்டில் சூடு

ஹோட்டல் அறையில் விரிப்புக்குள் கை வைத்தேன். சில்லென்றிருந்தது. கை தானாகப் பின்வாங்கியது.

தொண்ணூறுகளில், இத்தாலியில், பலெர்மோ ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த ஒரு விடுதி அறைதான் எங்கள் வீடு. இரண்டு கட்டில்கள். ஒன்றில் அம்மாவும் நானும். மற்றதில் இரவில் அப்பா படுப்பார். பகலில் மன்னார்க்காரரான சேவியர் மாமா. இரவெல்லாம் ஒரு நோயாளிக் கிழவியைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஒருவர் எழும்ப மற்றவர் படுப்பதால் அந்தக் கட்டில் ஆறினதே இல்லை. தூங்குகிறவரை யாரும் எழுப்பமாட்டார்கள். அந்த விடுதியில், இலங்கையிலிருந்து வந்த எங்கள் சனத்துக்கு மிஞ்சியிருந்த மரியாதை அது ஒன்றுதான்.

ஒரு மாரிகால மாலை அப்பா வேலையால் வந்தபோது, மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார்.

"எழுப்பட்டோ? வேலைக்குப் பிந்தப்போகுது," என்றார் அப்பா.

"பாவம், இன்னும் கொஞ்சம் படுக்கட்டும். மெல்லக் கதையுங்கோ," என்றாள் அம்மா.

குசுகுசுத்தபடியே சாப்பிட்டோம். அவருக்கும் சோறு மூடி வைத்தாள். கடைசியில் அப்பா போய் அவர் காலைத் தொட்டார். தொட்ட கையை உடனே எடுத்தார்.

உடலைக் கொண்டுபோன பிறகு அம்மா மெத்தையைப் புரட்டிப் போட்டாள். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேறை எங்கை படுக்கிறது?" என்றுவிட்டு ஏறிப் படுத்தார்.

அடுத்த கிழமை பகலுக்கு இன்னொருவர் வந்தார். அப்பா எழும்பிய இடத்தில் சாய்ந்து, "நல்ல சூடாய்க் கிடக்கு அண்ணை," என்றார். அப்பா வேலைக்குப் போனார்.

இந்த ஹோட்டல் அறையில் நான் இன்னும் கட்டிலில் ஏறாமல் கதிரையில்தான் இருக்கிறேன்.