அக்கா பிடித்த மிச்ச விரதம்

என் சமையலறையில், விளிம்பில் நீலக்கோடு ஓடுகிற வெள்ளை எனாமல் சட்டி ஒன்று இருக்கிறது. அடியில் ஓரிடத்தில் எனாமல் பெயர்ந்து கறுப்பாகத் தெரியும். மூடியின் குமிழ் கழன்றுபோனதால் என் கணவர் அதில் ஒரு நூற்கட்டையை முறுக்கிவிட்டிருக்கிறார். அந்தச் சட்டியில் நான் கறி வைப்பதில்லை, தேநீருக்குத் தண்ணீர்கூடக் கொதிக்க வைப்பதில்லை. வீட்டில் யாருக்காவது சளி, தடிமன், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பதற்குத்தான் அதை இறக்குவேன். போன கிழமை பேத்திக்குக் காய்ச்சல் வந்தபோது இறக்கினேன். அடுப்பில் வைத்துவிட்டு நின்றபோது, அதை வாங்கித் தந்தவரைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று மனம் சொன்னது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை, படிப்பும் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அவர் ஒரு சீனப் பெண்மணி. ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாங்கள் பல வருடம் ஒன்றாக வேலை செய்தோம். நான் மரக்கறி வெட்டுவேன், அவர் பாத்திரம் கழுவும் இயந்திரத்தடியில் நிற்பார். நோர்வேக்காரர் பெரியவர் சின்னவர் பாராமல் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். திருகோணமலையில் வளர்ந்த எனக்கு, என்னிலும் மூத்தவரைப் பெயர் சொல்ல வாய் வராது. அதனால் முதல் கிழமையே "அக்கா" என்று தொடங்கிவிட்டேன். அதென்ன சொல் என்று கேட்டார். மூத்த சகோதரி என்றேன். அப்படியானால் இளையவளுக்கு என்ன சொல் என்று கேட்டு, "தங்கச்சி, தங்கச்சி" என்று பாத்திரம் அடுக்கிக்கொண்டே அன்று முழுக்கச் சொல்லிப் பழகினார். மற்றப்படி நாங்கள் கதைத்ததெல்லாம் இரண்டுபேருக்கும் அரைகுறையான நோர்வேஜிய மொழியில்தான். இங்கே அதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

என் மகளுக்குக் கலியாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லை. அவள் சிரித்துக்கொண்டு வந்து, குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு, மறுபடி சிரித்துக்கொண்டு வருவாள். அதைப் பார்க்க முடியாமல், ஆறு வருடம் கந்தசஷ்டி பிடிக்கிறேன் என்று முருகனுக்கு நேர்ந்தேன். ஆறு நாளும் சோறு இல்லை. பொழுதுபட்ட பிறகு கொஞ்சம் பாலும் பழமும் மட்டும். ஏழாம் நாள் காலை கோயிலில் விரதம் முடிக்கிற பாரணைச் சோறு. ஐந்து வருடம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. ஆறாவது வருட விரதம் தொடங்கியபோது மகளின் வயிற்றில் பிள்ளை இருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோசமோ அவ்வளவு பயமும். தருகிற நேரத்தில் நான் சொல்லுத் தவறினால், கொடுத்ததை அவன் திருப்பி எடுத்துவிடுவானோ என்ற பயம். அப்படி நினைப்பதே பாவம் என்று தெரியும். ஆனாலும் தாய்மனம் அப்படித்தான் நினைத்தது.

பாதி விரதத்தில் எனக்குத் தடிமன் பிடித்தது. உடம்பெல்லாம் உளைவு. யன்னல் நீக்கலால் வருகிற காற்றுப் பட்டாலே நடுங்கும். கழுத்து பிசுபிசுவென்று வியர்க்கும், காய்ச்சல் மட்டும் விடாது. வேலைக்குச் சுகமில்லை என்று அறிவித்துவிட்டுப் படுத்தேன். கிருமிக் காய்ச்சல்தான், ஓய்வெடுத்து நன்றாகச் சாப்பிடுங்கள் என்றார் வைத்தியர். வயிற்றுப் பிள்ளைக்குத் தொற்றிவிடும் என்று மகளை வரவேண்டாம் என்றேன். அவள் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, சோறு சாப்பிடுங்கோ. முருகன் என்ன வரி கட்டுற கந்தோரே, ஒருநாள் பிந்தினால் தண்டம் போட?"

"வாயை அலம்பு பிள்ளை. உன்ர வயித்தில இருக்கிறதுக்காகத்தான் இது."

"வயித்தில இருக்கிறதுக்கு அம்மம்மா வேணும்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று பின்னேரம் வேலை முடிந்த கையோடு அக்கா சுரங்க ரயிலின் கடைசித் தரிப்பான வெஸ்ட்லி வரை வந்து எங்கள் கதவைத் தட்டினார். ஒரு கையில் பழைய பிஸ்கட் தகரப் பேணி. மறு கையில் விலைத்தாள்கூடக் கிழிக்காத இந்த வெள்ளைச் சட்டி. "என்ர சட்டியில பன்றி அவிச்சிருக்கு, அது உனக்கு ஆகாது. உன்ர அலுமினியச் சட்டியில மருந்து அவிக்கேலாது, அது எனக்கு ஆகாது. அதுதான் புதுசு," என்றார். நாக்கை நீட்டச் சொன்னார். வியர்க்கிறதா, காற்றுக்குப் பயமா, பிரசர் குளிசை போடுகிறாயா என்றெல்லாம் கேட்டார். தொண்டை நோகிறதா என்று இரண்டு தரம் கேட்டார்; இல்லை என்றேன். "தொண்டை நெருப்பா எரிஞ்சால் இது உனக்கில்லை. தடிமன் எல்லாம் ஒண்டெண்டு நினைக்காதை."

பேணியில் இருந்ததை மேசையில் பரப்பியபோது, ஊர்க்கடை மணம் வீசியது. கறுவாப்பட்டை மரத்தின் சிறு சுள்ளிகள், அதிமதுரம், எங்கள் இலந்தைப்பழம் போலச் சுருங்கிய சிவப்புப் பழம். இஞ்சி என் வீட்டிலேயே இருந்தது. வெள்ளை வெள்ளையாகச் சீவிய ஒரு வேர் மட்டும்தான் எனக்குத் தெரியாதது. அது ஒரு பூச்செடியின் வேர் என்று தொலைபேசியில் பெரிய இளஞ்சிவப்புப் பூவைக் காட்டினார். சீனத்தில் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக இந்த அளவிலேயே சேர்த்துக் காய்ச்சுகிறார்களாம். காய்ச்சி வடித்த பிறகுதான் வில்லங்கம் வந்தது.

"இதைக் குடிச்ச கையோட சூடாக் கஞ்சி குடிக்கவேணும். அதுதான் மருந்தின்ர மற்றப் பாதி. பால் வேண்டாம், பச்சைப் பழம் வேண்டாம்."

"பாலும் பழமும்தானே அக்கா நான் எடுக்கிறது. சோத்துப் பருக்கை தொடேலாது."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "உன்ர விரதம் எடு எண்டதை என்ர மருந்து விடு எண்டு சொல்லுது. மருந்து எடு எண்டதை விரதம் விடு எண்டு சொல்லுது. ரெண்டும் சண்டைக்கெண்டே பிறந்ததுகள்."

"கஞ்சியை விட்டிட்டு மருந்தை மட்டும் தாங்கோவன்."

"அது வெறும் கறுவாத் தண்ணி. அதுக்கு நான் இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை."

யாருக்காக இந்தப் பட்டினி என்று கேட்டார். அதுவரை நான் வேலையிடத்தில் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னேன். அக்கா "இன்னும் எவ்வளவு மிச்சம்?" என்றார். மூன்று நாள் என்றேன்.

"சரி. மிச்சத்தை நான் பிடிக்கிறன். நீ கஞ்சி குடி."

"அப்பிடிச் செய்யேலாது அக்கா. தகப்பன் நேர்ந்ததை மகன் செய்யலாம். தங்கச்சி நேர்ந்ததை…" அந்த இடத்தில் என் வாய் தானாக நின்றுவிட்டது.

அக்கா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இவ்வளவு வருசமா என்னை என்னெண்டு கூப்பிட்டனீ? சும்மாவோ கூப்பிட்டனீ?"

சுவாமித் தட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் முருகனைப் பார்த்தேன். அவனும் என்னிடம் அதையே கேட்பது போல இருந்தது. "முருகா, என்ர அக்கா உனக்கு விரதம் பிடிக்கிறா, ஏற்றுக்கொள்," என்று கும்பிட்டுவிட்டு மருந்தைக் குடித்தேன். பிறகு அக்கா வைத்துத் தந்த கஞ்சி. அழுதழுதுதான் குடித்தேன். அந்தச் சூடு நெஞ்சுக்குள் இறங்கியதை இன்றைக்கும் சொல்லலாம்.

இரண்டு போர்வையால் மூடிவிட்டு அக்கா போய்விடுவார் என்று நினைத்தேன். கட்டிலருகில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதுக்குப் பக்கத்தில ஆள் இருக்கவேணும். வேர்வை ஓடக்கூடாது, பூக்கவேணும். ஓடினால் பலமும் சேர்ந்து ஓடிடும்." அடிக்கடி என் பின்கழுத்தில் கையை வைத்துப் பார்த்தார். வருடக்கணக்காய்ச் சுடுதண்ணீரில் ஊறிய சொரசொரப்பான கை. நோர்வேக்கு வந்த பிறகு, காய்ச்சலில் கிடந்த என்னை இப்படி யாரும் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. கணவருக்கும் வேலை, பிள்ளைக்கும் வேலை. யாரையும் குறை சொல்வதற்கில்லை. கண் அயர்ந்துவிட்டேன். விழித்தபோது என்மேல் ஒரு போர்வை குறைந்திருந்தது; மிஞ்சிய மருந்தைக் கொட்டிவிட்டு அக்கா சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "பூத்திட்டுது. இனிக் குடிச்சால் பேராசை."

அடுத்த நாள் எழும்பி உட்கார முடிந்தது. மருந்தா, கஞ்சியா, அந்தக் கையா, முருகனா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எல்லாவற்றுக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன்.

அக்கா சொன்னபடி செய்தார். பால் அவருக்கு ஒத்துவராது; சுடுதண்ணீரும் மண்டரின் தோடம்பழமும்தான். டிசம்பர் நத்தார் விருந்துக்கு உடம்பைக் குறைக்கிறா என்று சமையலறையில் பகிடி பண்ணினார்களாம். ஆறாம் நாள் சூரன்போர் அன்று கம்பளிச் சால்வையால் என்னைச் சுற்றிக் கோயிலுக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். சூரனுக்குத் தலை மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்து, "ஏன் இவனுக்கு இத்தனை தலை?" என்று காதுக்குள் கேட்டார். "ஆணவம் அக்கா." "எங்கட சமையலறையிலயும் ஒருத்தர் இருக்கிறார்," என்றார். பசியோடு நின்றவர் என்னைச் சிரிக்க வைத்தார். அர்ச்சனைக்கு ஐயர் அவருடைய நட்சத்திரம் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "என்ர அக்கா ஐயா," என்றேன். "அப்ப உங்கட குடும்பத்தோட சேர்த்துச் சொல்லுறன்," என்றார் ஐயர். மறுநாள் பாரணையில் அக்கா சம்மணம் போட முடியாமல் கால் நீட்டி இருந்து, முதல் பிடி சோற்றை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

மாசியில் பேத்தி சுகமாகப் பிறந்தாள். அக்கா ஓய்வுபெற்று, இப்போது மகனோடு ஸ்தவாங்கர் நகரில் இருக்கிறார். என் நேர்த்தி முடிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு சஷ்டிக்கும் கடைசி மூன்று நாளும் அவருடைய பெயரில் நான் பிடிக்கிறேன். சொன்னால் ஏசுவார், அதனால் சொல்வதில்லை.

போன கிழமை பேத்தியின் காய்ச்சலைச் சொல்ல அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மகள் ஏற்கனவே வைத்தியரிடம் காட்டியிருந்தாள். "தொண்டை நோகுதாமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப என்ர மருந்து அவளுக்கில்லை. கஞ்சி மட்டும் குடு. நீ பக்கத்தில இரு."

வெள்ளைச் சட்டியைக் கட்டிலருகே கொண்டுபோய், கரண்டி கரண்டியாக ஊதிக் கொடுத்தேன். பாதியில் பேத்தி சட்டியின் நீலக்கோட்டைத் தடவி, "இது பெரியம்மம்மா வாங்கினதுதானே?" என்று கேட்டாள். என் தமக்கையைத்தானே அவள் அப்படிக் கூப்பிட வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்த முறை அவளுக்கு வந்திருக்கிறது. "ஓம் மகள்," என்றேன். அவள் கண்ணயர்ந்த பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பின்கழுத்தில் கையை வைத்தேன். விரலில் மெல்லிய ஈரம் பட்டது. பூத்திருந்தது. ஒரு போர்வையை எடுத்துவிட்டேன்.