மூலை அறையில் பேர் கேட்டவள்

கதை கட்டிச் சொல்லவில்லை. போன மே மாதம் எங்களுக்கு நடந்தது இது.

நான் முனீஸ். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆர்டர் இல்லையென்று நாலு நாள் லீவு விட்டார்கள். ஆறு வயது மகள் தேஜஸ்ரீ டேம் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். அமராவதி நகர் பக்கம் பழைய மாடி வீடு ஒன்றை நாள் வாடகைக்குப் பிடித்தேன். சிவப்புத் தரை, கலர் கண்ணாடி ஜன்னல், கூடத்தில் தேக்கு ஊஞ்சல். என் மனைவி நாகஜோதிக்கு ஊருக்குத் திரும்பவே மனசில்லை.

வீட்டுக்காரர் லிங்கசாமி ஒன்றே ஒன்று சொன்னார். மூலை அறை பூட்டித்தான் இருக்கும், பழைய சாமான் கிடக்கிறது என்று.

இரண்டாம் நாள் மத்தியானம். சாப்பிட்டுப் படுத்தோம். 3.10க்கு விழித்தேன்.

கிரீச்... கிரீச்...

ஊஞ்சல் சத்தம். பாப்பா ஆடுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். அவள் என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எழுந்து போனேன். ஊஞ்சல் நின்றிருந்தது. பலகையைத் தொட்டேன். யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல் சூடாக இருந்தது.

திரும்பி வந்தால், படுக்கையில் பாப்பா இல்லை.

மூலை அறைக் கதவில் காதை வைத்து நின்றிருந்தாள். பூட்டு அப்படியே தொங்கியது.

“உள்ள ஒரு அக்கா பேரு கேட்டாப்பா. அவளுக்குப் பேரே இல்லையாம்.”

“சொன்னியா?”

“குடுத்துட்டேன்.”

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல்...

“தேஜஸ்ரீ...”

என் மகளின் குரல்.

அவள் வாய் மூடியிருந்தது.

3.25க்குக் கிளம்பிவிட்டோம்.

அன்றிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. காதில் குறையில்லை என்றார் டாக்டர். உன் பேர் என்ன என்று கேட்டால் உதடு அசையும்... சத்தம் வராது. கோயில், சர்ச், தர்கா எல்லாம் போய் வந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. நாகஜோதி அழுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

ஆடியில் நான் மட்டும் அந்த வீட்டுக்குப் போனேன். மூலை அறையைத் திறக்கச் சொன்னேன். உடைந்த கட்டில், தூசி. வேறொன்றும் இல்லை. எதற்கு என்று லிங்கசாமி கேட்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“போன மாசம் தங்குனவங்க, இந்த ரூமுக்குள்ள ஒரு கொழந்தை அழுவுதுன்னாங்க. பேரு கேட்டாங்களாமுங்க. தேஜஸ்ரீன்னு சொல்லுச்சாமுங்க. அப்பா விட்டுட்டுப் போயிட்டாருன்னு சொல்லிச் சொல்லி அழுதுச்சாமுங்க...”

என் மகளின் பெயரை நான் அவரிடம் சொன்னதே இல்லை.